முலாமிடுந் தொழிலின் சரித்திரமும் பழைய நரம்பிசைக் கருவிகளும்

உலகத்திலுள்ள உலோகங்கள் பலவும் காற்றாலும் நீராலும் மனிதர் கைவியர்வையாலும் நாளடைவில் ஒளி மழுங்குதல் இயல்பு. செம்பு களிம்பேறும், வெள்ளி கறுக்கும், இரும்பு துருவால் உண்ணப்படும். பொன்னோ இவ்வழிவுக்கு உட்படாதது. அது எல்லார்க்கும் கிட்டுவதன்று. கிட்டினும் முழுப் பொருளையும் பொன்னாற் செய்தல் இயலாது. ஆகலின், எளிய உலோகத்தாற் செய்த பொருளின்மேல் சிறந்த உலோகத்தை மெல்லிய போர்வைபோற் பரப்பும் உபாயத்தை நம் முன்னோர் கைக்கொண்டனர். அதற்கு முலாம் என்று பெயர். இப்பெயர் இந்துஸ்தானி வழியாக நம் மொழிக்கு வந்ததேயாயினும், தொழில் அப்பெயரினும் பழமையானது.

இவ்விஷயத்தைக் குறித்து இவ்விதழில் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்கள் பலவற்றில் பாட்டனார் காலத்து வீணையோ, தந்தையார் வாங்கிய கிதாரோ உறையிட்டபடி மூலையில் இருக்கின்றன. இளைஞர்கள் அவற்றை எடுத்துத் துடைத்து மீண்டும் வாசிக்க விரும்புகிறார்கள். அவர்கள் முதலிற் காண்பது மங்கிப்போன உலோக உறுப்புகளையே. ‘இவற்றிற்கு மறுபடியும் முலாமிட்டுப் புதியனபோற் செய்யலாமா?’ என்று சத்தியமங்கலத்திலிருந்தும் கோபியிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் அன்பர்கள் நம்மைக் கேட்டதுண்டு. ஒரே வார்த்தையில் விடை கூறத்தக்க கேள்வியன்று இது. தொழிலின் வரலாற்றை அறிந்தால் விடை தானே விளங்கும் என்பது நம் கருத்து.

கொங்குநாட்டுக்கு உலோகத்தொழில் புதிதன்று. நொய்யலாற்றின் வடகரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே இரும்பை உருக்கியும் எஃகு செய்தும் வாழ்ந்த மக்களின் உலைச் சின்னங்கள் வெளிப்பட்டன. செப்புக் கலப்பினால் ஆக்கி மணிகள் பதித்த சிறு புலியுருவம் ஒன்றும் அங்கே ஓர் ஈமக்குழியிலிருந்து கிடைத்தது. ஓர் உலோகத்தின்மேல் வேறொரு பொருளைப் பொருத்தி அழகும் மதிப்பும் ஏற்றும் எண்ணம் இந்நாட்டிலே எவ்வளவு தொன்மையானது என்பதற்கு அப்புலியே சாட்சி.

பிற்காலத்தில் முலாமிடுதற்கு இரண்டு வழிகள் வழங்கின. ஒன்று, செம்பு பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்தில் வெள்ளீயத்தை உருக்கிப் பரப்புதல். ஈயம் பூசுவோர் தெருவில் துருத்தி வைத்து, நவச்சாரம் தூவி, பஞ்சால் ஒற்றி ஒரு நொடியில் பாத்திரத்தை வெள்ளியாக்கிக் காட்டிய காட்சியை முதியோர் பலர் மறந்திரார். அது அழகுக்கன்று, புளிப்புப் பட்டுச் செம்பு களிம்பேறி உணவு நஞ்சாகாமற் காப்பதற்கு. மற்றொன்று, பாதரசத்தினாற் பொன் முலாமிடுதல். பொன்னைப் பாதரசத்தில் கரைத்து வெண்ணெய்போற் குழைத்து, துப்புரவாக்கிய செம்பின்மேலோ வெள்ளியின்மேலோ பூசி நெருப்பிற் காட்டினால், பாதரசம் 357 பாகை வெப்பத்தில் ஆவியாகி அகன்றுபோகப் பொன் மட்டும் ஒட்டிநிற்கும். இம்முலாம் பல தலைமுறை நீடிக்கும். ஆயினும், அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிக்குக் கை நடுக்கமும் பல்லீறு வீக்கமும் சித்தக்கலக்கமும் உண்டாயின. பொருளுக்கு நீண்ட ஆயுளையும் தொழிலாளிக்குக் குறுகிய ஆயுளையும் தந்த வழி அது. பழைய பொன்முலாமின் ஒளியைப் புகழ்வோர் இதனையும் நினைத்தல் வேண்டும்.

நிற்க. சத்தியமங்கலம் பவானிக்கரையில், மைசூர் நாட்டுக்கு ஏறிச் செல்லும் மலைவழியின் அடிவாரத்தில் இருப்பது. 1790-ம் ஆண்டு செப்டம்பரில் திப்பு சுல்தான் கஜலட்டிக் கணவாய் வழியாக இறங்கி ஆங்கிலேயப் படையோடு பொருதது இவ்வூரருகேதான். இருபத்தேழு கொண்டையூசி வளைவுகளையுடைய திம்பம் சாலை வழியாக இன்றும் இவ்வூர் மைசூரோடு தொடர்புகொண்டிருக்கிறது. ஆகவே நம்மூர் இரண்டு வீணை மரபுகளுக்கு நடுவே அமைந்திருக்கிறது எனலாம். கிழக்கே தஞ்சாவூர் வீணை; பலாமரத்தாலாவது; அதன் இருபத்துநான்கு மெட்டுகள் நிலையான அமைப்பைப் பெற்றது இரகுநாத நாயக்கர் ஆட்சிக் காலத்தில் (1600–1634) என்பது மரபு; 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வடக்கே மைசூர் வீணை, ஈட்டி மரத்தாலாவது, வீணை சேஷண்ணா (1852–1926) போன்ற பேராசிரியர்களாற் புகழ்பெற்றது.

வீணையைப் பார்ப்போர் மரத்தையும் யாளிமுகத்தையும் வியப்பர். ஆனால் நாதம் பிறக்கும் இடங்களெல்லாம் உலோகமே. தந்தி அழுந்தும் மெட்டுகள் வெண்கலம். குதிரையின் மேற்பரப்பில் பதித்த தகடும் வெண்கலமே. தந்திகளின் அடிமுனையைப் பற்றி நிற்பது நாகபாசம். சுருதியை நுட்பமாகச் சரிசெய்ய உதவுவன லங்கர்கள். மெட்டுகளைத் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த அடைப்பின்மேல் ஒவ்வொன்றாகச் செவியாற் கேட்டுப் பதிப்பதற்கு மேளங்கட்டுதல் என்று பெயர். சாரணித் தந்தி பல்லாண்டு உராய்ந்து மெட்டில் பள்ளம் விழுந்தால் நாதம் கரகரக்கும். அப்பொழுது வல்லவர்கள் மெட்டை அரத்தாலே மட்டமாக்கி, தேய்த்து மெருகிட்டு, மறுபடியும் மேளங்கட்டுவார்கள். கவனிக்க: அவர்கள் மெட்டுக்கு முலாமிடுவதில்லை. தந்தி உராயும் இடத்தில் எம்முலாமும் நிலைக்காது. சில மாதங்களில் தேய்ந்து அடியுலோகம் திட்டுத்திட்டாகத் தோன்றும். மெட்டின் மட்டமும் கெடும். முலாமுக்குரிய இடம் வேறு, உழைப்புக்குரிய இடம் வேறு என்னும் இப்பாகுபாட்டை நம் வீணைத் தச்சர்கள் எந்தப் புத்தகத்தையும் படியாமலே அறிந்திருந்தனர்.

இனி மின்சார முலாமின் வரலாற்றைக் கூறுவோம். 1800-ல் இத்தாலிய நாட்டு வோல்ட்டா மின்கலத்தைக் கண்டுபிடித்தார். ஐந்தாண்டுகளுக்குள், 1805-ல், அவருடைய நண்பராகிய புருஞ்ஞத்தெல்லி என்பவர் அம்மின்சாரத்தைக்கொண்டு வெள்ளிப் பதக்கங்களுக்குப் பொன் முலாமிட்டார். எவ்வளவு மின்சாரம் செலுத்தினால் எவ்வளவு உலோகம் படியும் என்னும் விதியை 1833–34-ல் பாரடே வகுத்தார். பர்மிங்காம் நகரத்து ஜான் ரைட் என்ற வைத்தியர் பொட்டாசியம் சயனைடு கரைசலில் பொன்னும் வெள்ளியும் நன்றாகப் படிவதைக் கண்டார். அதனை விலைக்கு வாங்கிய எல்கிங்டன் குடும்பத்தார் 1840-ல் உரிமைப் பட்டயம் பெற்று வியாபாரமாக வளர்த்தனர். நிக்கல் முலாமுக்கு அமெரிக்கராகிய ஐசக் ஆடம்ஸ் 1869-ல் பட்டயம் பெற்றார். 1916-ல் ஆலிவர் வாட்ஸ் என்பவர் நிக்கல் சல்பேட்டும் நிக்கல் குளோரைடும் போரிக் அமிலமும் சேர்ந்த தொட்டிக் கரைசலை வெளியிட்டார். நூறாண்டு கடந்தும் உலகெங்கும் நிக்கல் தொட்டிகளுக்கு அதுவே அடிப்படையாக இருக்கிறது. 1920-களில் குரோமியம் முலாமும் வியாபாரத்துக்கு வந்தது.

இத்தொழில் நம் நாட்டில் வேரூன்றுவதற்கு மின்சாரம் வேண்டியிருந்தது. 1930-களின் தொடக்கத்தில் நீலகிரிப் பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் கோயமுத்தூருக்கு வந்தது. பஞ்சாலைகள் பெருகின, ஆலைகளுக்கு வேண்டிய உறுப்புகளும், இறைக்கும் பம்புகளும், மோட்டார்களும் செய்யும் பட்டறைகள் பின்தொடர்ந்தன. இயந்திரம் செய்யுமிடத்தில் துருவைத் தடுக்கும் முலாமும் வேண்டுமன்றோ? ஆகவே நாளடைவில் கோயமுத்தூரில் முலாம் பட்டறைகளும் பல்கின. மற்றொரு பெருநன்மை காரைக்குடியில் நிகழ்ந்தது. வள்ளல் அழகப்ப செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் உதவ, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948 ஜூலை 25-ல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்துவைத்தார். கொல்லன் உலையிலும் தட்டான் குறட்டிலும் வாய்வழி வந்த கலை, நம் தமிழ்நாட்டிலேயே சாஸ்திரமாக ஆராயப்படுவதற்கு இடம் கிடைத்தது. இது நம்மவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டிய செய்தி.

கிதாரின் கதை இம்மின்சார முலாமோடு சேர்ந்து வளர்ந்தது. வீணையின் பிருடை மரம். கிதாரின் பிருடையோ பற்சக்கரம் பொருத்திய உலோகம். அதன் குதிரை, வாற்பட்டை, திருகுகள், மூடிகள் யாவும் பித்தளை, எஃகு, வார்ப்புத் துத்தநாகம் ஆகியவற்றுள் ஒன்றாற் செய்து முலாமிடப்பட்டவை. மெட்டுக்கம்பி மட்டும் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த ஜெர்மன் சில்வர். பெயரிற் சில்வர் உண்டேயன்றிப் பொருளில் வெள்ளி சிறிதும் இல்லை. 1927-ல் அமெரிக்காவில் நேஷனல் கம்பெனியார் கிதாரின் உடல் முழுவதையுமே ஜெர்மன் சில்வராற் செய்து நிக்கல் முலாமிட்டு விற்றனர். மடியில் கிடத்தித் தந்திமேல் உருக்குக் கட்டையை வழுக்கி வாசிக்கும் ஹவாய் முறைக்கும் அது பயன்பட்டது. நம் கோட்டுவாத்தியத்தின் வாசிப்பு முறைக்கு உறவான முறை அது. கிப்சன் கம்பெனியார் 1960-களின் நடுவில் நிக்கலை விட்டுக் குரோமியத்துக்கு மாறினர். நம் நாட்டிலும் சுகுமார் பிரசாத், ஆர். பிரசன்னா போன்றோர் கிதாரிலும், உப்பலபு ஸ்ரீநிவாஸ் (1969–2014) மாண்டலினிலும் கருநாடக சங்கீதத்தை வாசித்துக் காட்டிய பிறகு, இவற்றை அந்நியக் கருவிகள் என்று ஒதுக்குவார் இல்லை.

முலாமின் நிறத்தைக்கொண்டே கருவியின் காலத்தை ஓரளவு கணிக்கலாம். நிக்கல் சற்றே மஞ்சள் கலந்த இளஞ்சூடான வெண்மையுடையது. வியர்வை பட்டால் பனி படர்ந்தாற்போல் மங்கும். குரோமியம் நீலச்சாயலுள்ள குளிர்ந்த வெண்மையுடையது; மங்காது; ஆனால் கீழேயுள்ள உலோகம் அரித்தால் உரிந்துபோகும். பொன் முலாம் மிக மெல்லிது. கை படுமிடத்தில் முதலிலே தேய்ந்து, கீழுள்ள நிக்கலோ பித்தளையோ தோன்றும். ஆகவே நிக்கல் இருந்த பழைய கருவிக்குக் குரோமியம் இட்டால், அதன் வயதைச் சொல்லும் சான்றை நாமே அழித்தவர்களாவோம்.

இதற்கு ஓர் உதாரணம் கூறுகிறோம். சத்தியமங்கலத்து அன்பர் ஒருவர், தம் தந்தையார் காலத்துக் கிதார் ஒன்றின் வாற்பட்டையும் பிருடைகளும் மங்கியதைக் கண்டு, வேற்றூர்ப் பட்டறை ஒன்றில் முலாமிடக் கொடுத்தார். பட்டறையார் கெட்ட எண்ணம் உடையவரல்லர். தமக்குத் தெரிந்த வேலையைச் செய்தனர். இயந்திர உறுப்பை மெருகிடுவதுபோலவே சக்கரத்தில் அழுத்தித் தேய்த்தனர். விளிம்புகள் உருண்டன, வெட்டியிருந்த எழுத்துகள் மறைந்தன, திருகின் மரைகளில் முலாம் தடித்துத் திருகு ஏறவில்லை. பொருள் கண்ணாடிபோற் பளபளத்தது. தந்தையார் கைபட்ட அடையாளம் ஒன்றும் எஞ்சவில்லை. அவ்வீட்டு அம்மையார் அதைப் பார்த்து, ‘இது நம்ம வீட்டுதுதானா?’ என்று கேட்டாராம். அக்கேள்விக்கு விலை கூற யாரால் இயலும்?

ஆதலின், முறையை விளங்கக் கூறுவோம். முதலாவது, எல்லா மங்கலும் கேடன்று. அழுக்கு வேறு, களிம்பு வேறு, முலாம் தேய்வு வேறு. தந்திகளைத் தளர்த்தி உறுப்புகளைக் கழற்றி, ஒவ்வொன்றும் இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, மெல்லிய சோப்பு நீராலும் மென்தூரிகையாலும் கழுவி நன்றாக உலர்த்துக. பாதிக்கு மேற்பட்ட பொருள்களுக்கு அதுவே போதும். புளியும் சாம்பலும் பித்தளைக் குடத்துக்கு உரியன. நிக்கலுக்கும் பொன்னுக்கும் அவற்றைத் தொடவேண்டாம். பற்சக்கரத்தின் உள்ளே ஈரம் தங்காமல் உலர்த்தி ஒரு துளி எண்ணெய் இடுக.

இரண்டாவது, அடியுலோகம் வெளிப்பட்டு அரிக்கத் தொடங்கியிருந்தால் மட்டுமே மறுமுலாமை நினைக்கலாம். அப்பொழுது அடியுலோகம் இன்னதென்று தொழிலாளிக்குத் தெரியவேண்டும். பித்தளையின்மேல் நிக்கல் நேரே படியும். வார்ப்புத் துத்தநாகத்தை அமிலத் தொட்டியில் இட்டால் அது கரைந்து கெடும். ஆகவே சயனைடு செப்புத் தொட்டியில் முதலில் ஒரு செப்புப் படலம் இட்டுப் பின்னரே நிக்கல் இடுவர். பொன் வேண்டுவோர் பித்தளையின்மேல் நேரே பொன் இடலாகாது. நாளடைவில் செம்பும் பொன்னும் ஒன்றிற்கொன்று ஊடுருவி ஒளி மங்கும். நடுவே நிக்கல் தடுப்பாக நிற்கவேண்டும். எஃகுச் சுருள்வில்களை அமிலத்திலிட்டு முலாமிட்டால் நீரகவாயு உட்புகுந்து அவை முறியும் தன்மை அடையும்; முலாமிட்டவுடனே ஏறத்தாழ 190 பாகை சூட்டில் சில மணி நேரம் வைத்தெடுத்தல் விதி. சிறு வில்லாயின் புதியது வாங்குதலே மேல்.

மூன்றாவது, முலாமின் கனம். பாரடேயின் விதிப்படி ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் நிக்கல் ஏறத்தாழ 1.1 கிராமும், வெள்ளி 4 கிராமும் படியும். ஒரு சதுர டெசிமீட்டர் பரப்பில் அந்த நிக்கல் பரவினால் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கினும் சிறிதே அதிகம். இவ்வளவு மெல்லிய போர்வைதான் நம் கண்ணுக்குப் புதுமையாகத் தோன்றுகிறது. மெருகுச் சக்கரமோ ஒரு நிமிஷத்தில் அதனை விழுங்கிவிடும். ஆகவே தேய்ப்பதற்குக் குறைவாகவும் சிந்திப்பதற்கு மிகுதியாகவும் நேரம் செலவிடுக. திருகு மரைகளை மெழுகால் மூடி முலாம் படியாமற் காக்குமாறும், எழுத்துள்ள இடத்தைச் சக்கரத்திற் கொடாதிருக்குமாறும் பட்டறையாரிடம் முன்னரே எழுதிக் கொடுக்க.

நான்காவதாகக் கூறுவது எல்லாவற்றினும் முக்கியமானது. பாதரச ஆவி போய்விட்டது என்று நாம் மகிழ்ந்திருத்தல் கூடாது. சயனைடு கரைசலில் அமிலம் கலந்தால் உண்டாகும் ஆவி உடனே உயிர் போக்கும். ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் விளைப்பது. நிக்கல் உப்புப் பலருடைய தோலில் சொறியை உண்டாக்கும். ஆகையால் வீட்டுப் பின்கட்டில் வாளி வைத்து முலாமிடும் முயற்சியில் நம் இளைஞர் எவரும் இறங்கவேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறோம். பட்டறை நடத்தும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. தொட்டிக் கழிவை வாய்க்காலில் விடுவது 1974-ம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்துக்கு மாறானது. அதனினும் மேலாக, நம் மனச்சாட்சிக்கு மாறானது. சத்தியமங்கலத்துக்கு மேலே 1955-ல் முடிந்த பவானிசாகர் அணை. கீழே கொடிவேரி அணைக்கட்டும் அதிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும். அந்நீரையே நம் உறவினர் குடிக்கின்றனர்; அந்நீராலேயே நெல்லும் மஞ்சளும் விளைகின்றன. கிதாரின் பிருடை பளபளப்பதற்காக ஆற்றின் நீரைக் கறுக்கச் செய்தல் எந்தத் தொழில்தர்மத்திலும் இல்லை. கழிவைச் சுத்திகரிக்கும் பட்டறைக்குக் கூலி சிறிது அதிகமாயினும் அங்கேயே கொடுத்தல் கொடுப்போர் கடமை.

கடைசியாக, நம் சமூகத்தாரிடையே உள்ள ஒரு குறையைச் சொல்லாமல் முடித்தல் முறையன்று. உலோகத் தொழிலில் வல்லவர்களாயிருந்த முதியோர் பலர் தங்கள் கலவை அளவுகளையும் கைப்பக்குவங்களையும் பிள்ளைகளிடமும் மறைத்து வைத்தனர். கூலிக்குப் போட்டி வந்துவிடுமோ என்னும் அச்சம் அவர்களுக்கு இருந்தது, அதனை இகழ்வதற்கில்லை. ஆயினும் விளைவு யாது? பிள்ளைகள் வேறு உத்தியோகங்களுக்குச் சென்றனர். இரகசியம் இரகசியமாகவே மறைந்தது. மறுபுறம், வாட்ஸ் தாம் கண்டதை அச்சிலேற்றினார். அதனால் அவர் தொழில் அழியவில்லை, உலகமெங்கும் பரவியது. மேளங்கட்டும் மெழுகின் பக்குவமும், வெண்கலத்தில் செம்பும் வெள்ளீயமும் சேரும் அளவும், குதிரைத் தகட்டை இழைக்கும் கைநயமும் அறிந்த முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களிடம் சென்று கேட்டு எழுதிவைக்கும் வேலையை நம் இளைஞர்களும், ஆண் பெண் என்னும் வேற்றுமையின்றி, உடனே தொடங்குதல் வேண்டும். அவ்வாறு எழுதியனுப்பும் குறிப்புகளுக்கு இவ்விதழில் இடம் உண்டு.

ஆகவே அன்பர்கள் கேட்ட கேள்விக்கு நம் விடை இது: கழுவுதல் எப்பொழுதும் நன்று, முலாமிடுதல் அரிப்பு வந்தபோது மட்டும் நன்று, தந்தி படுமிடத்தில் ஒருபோதும் வேண்டாம், இருந்த உலோகத்தையே இடுக, வேறொன்றை இடற்க, கழற்றிய பழைய உறுப்பு எவ்வளவு தேய்ந்ததாயினும் எறியாமல் ஒரு துணியிற் பொதிந்து கருவியின் பெட்டியிலேயே வைக்க. உங்கள் பேரப்பிள்ளைகள் அதனை எடுத்துப் பார்க்கும்போது, எந்த விரல் எங்கே பட்டது என்பதை அந்தத் தேய்வே அவர்களுக்குச் சொல்லும்.